குளிர் வீட்டில் சோயா மெழுகுதிரி: கேள்வி பதில்

ஹட்டனில் என் குசினியில் ஆறு வருடமாக மெழுகு உருக்குகிறேன். விற்றதைவிடக் கெட்டுப்போனது கூட இருக்கும். பதில் சொல்லும் தைரியம் அதிலிருந்துதான் வந்தது. கேள்விகளை ஊர்ப் பெயரோடு போட்டிருக்கிறேன். ஊர் தெரியாமல் இந்த வேலைக்குப் பதில் சொல்ல முடியாது.

நுவரெலியா: அக்கா, மெழுகுப் பக்கெட்டில் 57 பாகையில் ஊற்றச் சொல்லியிருக்கிறது. அப்படியே ஊற்றினேன். காலையில் பார்த்தால் திரியைச் சுற்றிக் குழி, மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. என்ன பிழை?

உங்கள் கையில் பிழை இல்லை, தங்கச்சி. பக்கெட்டில் எழுதினவர்கள் உங்கள் வீட்டுத் தை மாத இரவை நினைத்து எழுதவில்லை. பத்து, பன்னிரண்டு பாகைக் குளிரில் போத்தலின் ஓரமும் மேல்பக்கமும் சட்டென்று இறுகிவிடும், நடு மட்டும் திரவமாக நிற்கும். மெழுகு ஆறும்போது சுருங்கும். கடைசியாக இறுகும் இடம் திரியடி, ஆகவே குழி அங்கேதான் விழும்.

ஊற்றும் சூட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் போத்தலைச் சூடாக்குங்கள். ஹெயார் ட்ரையர் காற்றில் காட்டி, கையில் பிடித்தால் இதமாக இருக்கும் அளவு, ஏறத்தாழ 40 பாகை போதும். சீமெந்துத் தரையிலோ கல் மேடையிலோ வைக்காமல் மடித்த கார்ட்போட் மேல் வையுங்கள், இரண்டு போத்தலுக்கு நடுவே நாலு விரல் இடம் விட்டு. ஊற்றியதும் பெரிய கார்ட்போட் பெட்டியால் கவிழ்த்து மூடி, விடியும்வரை திறக்காதீர்கள். என் முதல் கிறிஸ்மஸ் ஓடருக்கு இருபத்து நாலு ஜேம் போத்தலைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் இருபத்து நாலிலும் குழி. அன்று தொடங்கிய பெட்டிப் பழக்கம் இன்னும் விடவில்லை.

இதற்குப் பிறகும் குழி வந்தால் சூட்டை மாற்றிப் பாருங்கள், ஒரு தடவைக்கு 3 பாகை மட்டும். சில மெழுகு 60இல் நன்றாக வரும், சில 50க்குக் கிட்ட, கலங்கத் தொடங்கும்போது ஊற்றினால்தான் மேல்பக்கம் வழுவழுப்பாக வரும். ஒரே நாளில் போத்தல், சூடு, வாசனை மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. இப்போது விழுந்த குழியை ஹெயார் ட்ரையரால் உருக்கிச் சமப்படுத்தலாம்.

வெள்ளைப் பூப்பு பழுதே இல்லை. சோயா மெழுகு என்பது ஹைட்ரஜன் ஏற்றி இறுக வைத்த சோயா எண்ணெய். அதன் கொழுப்பு படிகமாவதுதான் அப்படித் தெரிகிறது. மெதுவாக ஆறினால் குறையும், முழுக்கப் போகாது. கறுப்பு, கடும் சிவப்புச் சாயம் போட்டால் பளிச்சென்று தெரியும். நான் சாயமே போடுவதில்லை.

நுவரெலியாவிலிருந்தே இன்னொருவர்: புது வெப்பமானி. கொதிக்கிற தண்ணீரில் வைத்தால் 94தான் காட்டுகிறது. திருப்பிக் கொடுத்துவிடவா?

ஐயோ, வேண்டாம்! நீங்கள் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறீர்கள். ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும். அங்கே 94 காட்டினால் அது நல்ல வெப்பமானி. 100 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். ஐஸ் நிறையப் போட்ட தண்ணீரில் வைத்துப் பாருங்கள், அது எந்த ஊரிலும் 0 காட்டும். உங்கள் வேலைக்கு மெழுகு 80, 85 வந்தால் போதும், தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்தே அதுவரை ஏற்றலாம். கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். அவசரப்பட்டு நேரே நெருப்பில் வைக்காதீர்கள். தப்பித்தவறிப் பற்றினால் காஸை அணைத்து மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது.

பண்டாரவளை: வழுவழுப்பாக வரட்டும் என்று வீட்டுத் தேங்காய் எண்ணெய் கலந்தேன். இங்கே அருமையாக இருந்தது. வெள்ளவத்தையில் இருக்கும் மச்சாளுக்கு அனுப்பினால், போத்தல் வேர்த்து எண்ணெய் மிதக்கிறதாம்.

குளிர் காலத்தில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைத்து இளக்குகிறோமே, அதே கதைதான். ஏறத்தாழ 24 பாகையில் அது உருகும். உங்கள் வீட்டில் கட்டியாக நின்றது, கொழும்பில் எண்ணெயாகிவிட்டது. கொழும்புப் பக்கம் அனுப்பும் மெழுகுதிரிக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், பதிலாக நூற்றுக்குப் பத்துப் பங்கு தேன்மெழுகு போடுங்கள். அது 62 பாகைக்கு மேல்தான் உருகும், மெழுகுதிரியை இறுக்கமாக வைத்திருக்கும். ஆனால் தடித்த மெழுகு, முந்தின திரிநூல் போதாமல் போகலாம், ஒரு அளவு பெரியதையும் எரித்துப் பாருங்கள். வாசனை எண்ணெய் கூடினாலும் வேர்க்கும். எவ்வளவு போட்டீர்கள் என்று எழுதவில்லையே?

தலவாக்கலை: வாசனை வரவே இல்லை. கறுவா எண்ணெய் விலை தெரியுந்தானே!

தெரியும், தெரியும். 500 கிராம் மெழுகுக்கு 30 கிராம், அதாவது 6 வீதம், தராசில் நிறுத்துப் போடுங்கள். மூடிக்கணக்கு வேண்டாம். மெழுகு 80இல் இருக்கும்போது ஊற்றி இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்க வேண்டும். 55க்கு இறங்கிய பிறகு ஊற்றினால் சரியாகக் கலக்காது. அப்புறம் மூடி போட்டு இரண்டு கிழமை வையுங்கள். மறுநாளே கொளுத்திப் பார்த்துவிட்டு வாசனை இல்லை என்பவர்கள்தான் அதிகம்.

மஸ்கெலியா: நடுவில் கிணறு மாதிரி எரிந்து இறங்குகிறது. சுற்றி மெழுகு அப்படியே நிற்கிறது.

திரிநூல் சின்னது, அல்லது முதல் தடவை சீக்கிரம் அணைத்துவிட்டீர்கள். 7 சென்ரிமீற்றர் வாய் என்றால் முதல் நாள் மூன்று மணித்தியாலமாவது எரிய வேண்டும். குளிர் வீட்டில் ஓரம் உருகப் பிந்தும், கொழும்புக்காரர் சொல்லும் அளவு நமக்குப் பொருந்தாது. மாறாகப் புகை வந்து, நூல் நுனியில் கரி காளான் மாதிரிக் கட்டினால் நூல் பெரிது.

ஹட்டன்: கடையில் விற்கும் வெள்ளை மெழுகுதிரியை உருக்கிச் சோயாவோடு கலக்கலாமா அக்கா?

கலக்கலாம். அது பெரும்பாலும் பரஃபின்தான், பெற்றோலியத்திலிருந்து எடுக்கும் மெழுகு. முப்பது பங்கு அது, எழுபது சோயா என்று தொடங்குங்கள், வெள்ளைப் பூப்பு குறையும். உள்ளே இருக்கும் பழைய நூலை எடுத்துவிட்டு, கரித்துண்டு இல்லாமல் வடிகட்டுங்கள். ஆனால் லேபலில் "சுத்த சோயா" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். டவுனில் ஒருவர் அப்படி விற்பதைப் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை.

பண்டாரவளைத் தங்கச்சி, அந்த வாசனை எண்ணெய் அளவை எழுதி அனுப்புங்கள், மச்சாள் வீட்டு அறைச் சூட்டையும் கேட்டு.