விசில் பதில்கள்: சாவா, சொன்னா?

கேள்வி: என் மகன் தென்கொரியக் கால்பந்து வீரர் சொன் ஹியுங் மின்னின் தீவிர ரசிகன். ஆசியாவில் அவரைப் போல் இன்னொருவர் பிறக்கவில்லை என்கிறான். அவன் அப்பாவோ, அந்தக் காலத்துக் கொரிய வீரர் சா பும் குன்னின் கால் தூசிக்கு வருவாரா என்கிறார். தினமும் சாப்பாட்டு நேரத்தில் இதே சண்டை. நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா. (வாசகி, கிள்ளான்)

பதில்: சாவா, சொன்னா என்று கேட்கிறீர்கள். கொரியப் பெயர்களைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் ஏடாகூடமாகிவிடுகிறது. இரண்டுமே குடும்பப் பெயர்கள் அம்மா. அங்கே அதுதான் முன்னால் வரும்.

22 ஆண்டுகள் தோட்டத்துத் திடல்களிலும் மாவட்ட லீக்கிலும் விசில் ஊதியவன் நான். கோல் போட்டவனைவிட உதை வாங்கியவனைத்தான் என் கண் தேடும். அதனால் என் கணக்கு கொஞ்சம் கோணலாக இருக்கும்.

சா ஜெர்மனியின் புண்டஸ்லீகாவில் 308 ஆட்டங்கள் ஆடி 98 கோல் அடித்தார். அதில் ஒன்றுகூடப் பினால்டி இல்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், அந்த 308 ஆட்டங்களில் அவர் வாங்கிய மஞ்சள் அட்டை ஒன்றே ஒன்று. முன்வரிசை ஆட்டக்காரன் என்றால் ஆட்டம் முழுக்க முதுகில் இடி, விலாவில் முழங்கை. ஒரு கட்டத்தில் எவனுக்கும் கை நீளும், வாய் நீளும். சாவுக்கு நீளவில்லை.

மகன் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2021-22 பருவத்தில் சொன் 23 கோல் அடித்து, லிவர்பூலின் சாலாவுடன் சேர்ந்து இங்கிலாந்து பிரிமியர் லீக்கின் தங்கக் காலணியை, அதாவது அதிகக் கோல் போட்டவருக்கான பரிசை, வாங்கினார். சாலாவின் 23-இல் ஐந்து பினால்டி. சொன் கணக்கில் பினால்டியே கிடையாது. 2019 டிசம்பரில் பர்ன்லிக்கு எதிராகத் தன் பினால்டி எல்லைக்குப் பக்கத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடி ஒரு கோல் போட்டாரே, அதை இன்னும் என் பேரன் கைப்பேசியில் போட்டுக் காட்டச் சொல்கிறேன். வலது கால், இடது கால் இரண்டிலும் ஒரே அடி. சாவிடம் அது இவ்வளவு இல்லை.

கோப்பைக் கணக்கு வேறு. யுயேஃபா கோப்பைதான் பிறகு யூரோப்பா லீக் என்று பெயர் மாறியது. சொன் அதை 2025-இல் பில்பாவோவில் தன் கிளப்பான டோட்டன்ஹாமின் தலைவராகத் தூக்கினார். சா அதை இரண்டு தடவை வென்றவர்: 1980-இல் ஃபிராங்பர்ட் அணியோடு, 1988-இல் லெவர்குசன் அணியோடு.

இந்த 1988 கதையை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். அப்போதெல்லாம் இறுதியாட்டம் இரண்டு. பார்சிலோனாவில் நடந்த முதல் ஆட்டத்தில் எஸ்பான்யோலிடம் லெவர்குசன் 0-3 என்று தோற்றது. ஊர் திரும்பி ஆடிய இரண்டாவது ஆட்டத்தில் இடைவேளை வரை கோலே இல்லை. அதற்கப்புறம் இரண்டு விழுந்தன. 81-ஆவது நிமிடத்தில் சா தலையால் முட்டி மூன்றாவதைப் போட்டார். பினால்டியில் லெவர்குசன் 3-2 என்று வென்றது. சாவுக்கு 35 வயது நிறைய இன்னும் நான்கு நாள் இருந்தது.

பந்தை அடிக்கும் அழகுக்கு மகன் சொல்வது சரி. ஆனால் என் அணிக்கு ஒரே ஒருவரை எடு என்றால் அப்பாவின் ஆளைத்தான் எடுப்பேன். ஏன் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: சா முதலில் போன கிளப்பில் ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடினாராமே? (வாசகர், செரம்பான்)

பதில்: ஆமாம். 1978 டிசம்பரில் டார்ம்ஸ்டாட் அணிக்கு ஓர் ஆட்டம். பிறகு விமானப்படைச் சேவை பாக்கி இருக்கிறது, வா என்று கூப்பிட்டுவிட்டார்கள். அதை முடித்துவிட்டு 1979-இல் திரும்பிப் போனபோதுதான் ஃபிராங்பர்ட். கொரியாவில் ஆணாகப் பிறந்தவனுக்கு எவ்வளவு பெயர் இருந்தாலும் ராணுவம் ராணுவம்தான். சொன் 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதால் மூன்று வாரப் பயிற்சியோடு தப்பினார். 2020-இல் ஜேஜு தீவில், கடற்படையின் மரைன் வீரர்களோடு. அதே ஆசிய விளையாட்டில், பாண்டுங்கில், கொரியாவை நம்ம மலேசியா 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் சஃபாவி ரஷீத். எழுத வாய்ப்புக் கிடைக்கும்போது எழுதிக்கொள்கிறேன்.

கேள்வி: 1976-இல் சா நம்மிடமிருந்து வெற்றியைப் பறித்தார் என்று என் தாத்தா இன்னும் புலம்புகிறார். என்னதான் நடந்தது? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: தாத்தாவுக்கு என் வணக்கம். நாங்கள் இருவரும் ஒரே நோய்க்காரர்கள்.

சியோலில் அதிபர் பார்க் பெயரால் நடந்த கோப்பைப் போட்டி அது. மலேசியா 4-1 என்று முன்னால் இருந்தது. கடைசிப் பத்து நிமிடத்துக்குள் சா ஒருவரே மூன்று கோல் போட்டார். 4-4. எனக்கு அப்போது 11 வயது. கிராணி வீட்டில் படித்து முடித்த பேப்பர் மறுநாள் சாயந்தரம்தான் எங்கள் லயத்துக்கு வரும். அப்பா அதை விளக்கடியில் பிடித்துப் படித்துவிட்டு, "அச்சுப் பிழைடா" என்று மடித்து வைத்துவிட்டார். அதற்கடுத்த நாள் பேப்பரில் திருத்தம் வருகிறதா என்று வேறு பார்த்தார்.

1980-இல் மெர்டேக்கா அரங்கில் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக் டிக்கெட்டை நாம் வாங்கினோம். கோல் கம்பத்தில் நம்ம ஆறுமுகம், ஸ்பைடர்மேன். கொரிய அணியில் சா இல்லை, ஃபிராங்பர்ட்டில் இருந்தார். சா இருந்திருந்தால் என்று லயத்தில் எவனாவது வாயெடுத்தால் அப்பாவுக்குக் கோபம் வரும். மாஸ்கோவுக்கு நாம் போகவில்லை, புறக்கணித்துவிட்டோம். அது இன்னொரு புலம்பல்.

கேள்வி: 1998 உலகக் கிண்ணத்தின் நடுவிலேயே பயிற்றுநர் சாவை வீட்டுக்கு அனுப்பினார்களே, அது நியாயமா? (வாசகி, பினாங்கு)

பதில்: இல்லை. மெக்சிகோவிடம் 1-3, நெதர்லாந்திடம் 0-5. தோல்வி தோல்விதான். ஆனால் இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி இருக்கும்போது ஊருக்குத் திருப்பி அனுப்புவது, சமைத்துக்கொண்டிருப்பவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்குவது மாதிரி. ஐந்து கோல் போட்ட நெதர்லாந்தின் பயிற்றுநர் ஹிடிங்க். நாலு வருடம் கழித்து அதே ஹிடிங்க் கொரியாவின் பயிற்றுநர். அவர் அணியில் சாவின் மகன் டு ரி. இத்தாலிக்கு எதிரான ஆட்டத்தில் பையன் மாற்றாளாக இறங்கித் தலைக்கு மேல் காலைத் தூக்கி ஓர் உதை உதைத்தான், இத்தாலியின் கோல் காவலர் பஃபோன் பிடித்துவிட்டார். அப்பா அந்தப் போட்டிக்குத் தொலைக்காட்சி வர்ணனையாளர். நானாக இருந்தால் தொண்டை அடைத்திருக்கும்.

கேள்வி: சாவின் முதுகெலும்பை உடைத்தவனோடு அவர் பிறகு ஒரே அணியில் ஆடினார் என்பது உண்மையா, கட்டுக்கதையா? (வாசகர், தைப்பிங்)

பதில்: உண்மை. 1980 ஆகஸ்ட், லெவர்குசனுக்கு எதிரான ஆட்டம். கெல்ஸ்டோர்ஃப் என்ற தடுப்பாட்டக்காரர் பின்னாலிருந்து வந்து சாய்த்ததில் முதுகெலும்பில் முறிவு. ஃபிராங்பர்ட் ரசிகர்கள் கொதித்துப்போய்க் கெல்ஸ்டோர்ஃபுக்குக் கொலை மிரட்டலே விட்டார்கள். படுக்கையில் கிடந்தவர்தான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லி ஆளைக் காப்பாற்றினார். அதே பருவத்தில் திரும்பி வந்து ஜெர்மன் கோப்பை இறுதியாட்டத்திலும் கோல் போட்டார். 1983-இல் லெவர்குசனுக்கே போய்ச் சேர்ந்தார். கெல்ஸ்டோர்ஃப் அங்கேதான் இருந்தார். மூன்று வருடம் ஒரே உடை மாற்றும் அறை. என் அணிக்குச் சாவைத்தான் எடுப்பேன் என்றதற்குக் காரணம் இதுதான்.

பின்னாலிருந்து வரும் கால் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஒரு தோட்டப் போட்டி இறுதியாட்டத்தில் வலது ஓரம் ஓடிய பையனை அப்படி ஒருவன் அடித்தான். நான் மஞ்சள் காட்டினேன். சிவப்பு காட்டியிருக்க வேண்டும், கை வரவில்லை. கூட்டம் அடித்தவனின் ஊர்க் கூட்டம். பையனின் முழங்கால் போயிற்று, அதோடு ஆட்டமும் போயிற்று. பல வருடம் கழித்து ஒரு கடையில் பார்த்தேன், லோரி ஓட்டுவதாகச் சொன்னான். என் தே தாரேக்கும் அவனே காசு கொடுத்தான். அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

சரி, சொன் விஷயத்துக்கு வருகிறேன். 2019 நவம்பர் 3, எவர்டன் அரங்கம். சொன் பின்னாலிருந்து காலை நீட்டியதில் ஆந்த்ரே கோமெஸ் தடுமாறி இன்னொருவர் மீது மோதி விழுந்தார். கணுக்கால் திரும்பிக் கிடந்தது. நடுவர் முதலில் மஞ்சளை எடுத்தார், காலைப் பார்த்ததும் சிவப்பாக மாற்றினார். அட்டை காயத்துக்கா, குற்றத்துக்கா என்று நாங்கள் பழைய விசில்காரர்கள் நான்கு பேர் அன்றிரவு வாட்ஸ்அப்பில் அடித்துக்கொண்டோம். சொன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதபடி வெளியே போனார்.

அப்போது ஐரோப்பாவில் சொன் அடித்த கோல்கள் 121. சாவின் மொத்தக் கணக்கும் அதே 121. மூன்று நாள் கழித்து பெல்கிரேடில் ரெட் ஸ்டாருக்கு எதிராக 122 விழுந்தது, நாலு நிமிடத்தில் 123. சாவின் சாதனை முறிந்தது. 122 விழுந்ததும் சொன் துள்ளவில்லை. கேமரா பக்கம் வந்து இரண்டு கையையும் கூப்பி நின்றார், கோமெஸுக்காக. அந்தச் சிவப்பு அட்டையை இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அதற்கு முந்தின நாளே ரத்து செய்திருந்தது.