வாசகர் கேள்வி: மாராவில் எத்தனை நாள் தங்குவது?

கேள்வி: ஆகஸ்ட் விடுமுறையில் குடும்பத்துடன் கென்யா செல்ல எண்ணியுள்ளோம். ஐந்தே நாட்களில் மாசாய் மாரா, நக்குரு, அம்போசெலி ஆகிய மூன்று வனவிலங்குக் காப்பிடங்களையும் காட்டுவதாகப் பயண முகவர் கூறுகிறார். வில்டபீஸ்ட் என்னும் மாடு போன்ற பெரிய மான்களின் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்ப்பதே எங்கள் ஆசை. இத்திட்டம் சரிவருமா?
– வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: காலம் பொருத்தமானது, திட்டம்தான் பொருந்தவில்லை. பத்து இலட்சத்துக்கும் அதிகமான வில்டபீஸ்டுகள் மழையையும் புல்லையும் தேடி, தான்சானியாவின் செரெங்கெட்டிக்கும் கென்யாவின் மாராவுக்கும் இடையே ஆண்டு முழுவதும் சுற்றி வருகின்றன. பொதுவாக ஜூலை முதல் ஒக்டோபர் வரை பெருங்கூட்டங்கள் மாரா ஆற்றை அண்டி நிற்கும். ஆனால், இன்ன நாளில் இன்ன துறையில் இறங்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. ஆயிரக்கணக்கில் கரையில் திரண்டு, முன்னால் நிற்பது நீரை முகர்ந்து ஒரு காலை வைத்த பின்னரும், ஏதோ ஒரு சலசலப்புக்கு வெருண்டு முழுக் கூட்டமும் புழுதி கிளப்பித் திரும்பி ஓடிவிடுவதுண்டு. ஒன்று துணிந்து பாய்ந்துவிட்டாலோ, முதலை கிடந்தாலும் பின்னால் வருபவை நிற்பதில்லை. இதற்காக வாகனத்துக்குள் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாரதியைக் கரையோரம் நெருக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். வழியை வாகனங்கள் மறித்தால் விலங்குகள் இறங்காமலே போய்விடும்.

மூன்று இடங்களுக்கும் ஓடினால் பகலின் பெரும்பகுதி வீதியிலேயே கழியும். ஆகவே நான்கு இரவுகளையும் மாராவிலேயே தங்குங்கள். ஆறு ஏமாற்றினாலும் சிங்கமும் சிறுத்தையும் புல்வெளியில் இருக்கின்றன. கிளிமஞ்சாரோ மலையின் பின்னணியில் அம்போசெலி யானைகளைக் காணாதது இழப்புத்தான். எனினும், அதே மாதங்களில் மின்னேரியாவிலும் கவுடுல்லவிலும் யானைக் கூட்டங்களைக் காணக்கூடிய திருகோணமலைக்காரருக்கு அது தாங்கக்கூடிய இழப்பே.

மாரா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீற்றர் உயரத்தில் இருப்பதால், கூரை திறந்த வாகனத்தில் விடியற்காலைக் குளிர் நம்மூர் உடம்புக்குக் கடுமையாக இருக்கும். பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை கட்டாயம். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் கடைப்பைகள் தடைசெய்யப்பட்டுள்ளதால், உடுப்புகளை அவற்றில் சுற்றி எடுத்துச் செல்லாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்னரேனும் போட்டு, சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். நாடு திரும்பும்போது அதைக் கேட்பார்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரையை வைத்தியரின் ஆலோசனைப்படி, திரும்பிய பின்னரும் அவர் சொல்லும் நாள்வரை விழுங்க வேண்டும். இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டதால், இங்கே காய்ச்சல் என்றால் டெங்குவைத்தான் முதலில் நினைப்பார்கள். எனவே திரும்பிச் சில மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், ஆபிரிக்கா சென்று வந்ததை வைத்தியரிடம் நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள்.