விடியற்காலை மூன்று மணி வலி: முடக்குவாதம் பற்றிய வாசகர் கேள்விகள்

சரவாங்கி என்று ஊரில் அழைக்கப்படும் முடக்குவாதத்தைப் பற்றி வரும் கடிதங்களில் பல இம்முறை உறக்கமின்மையைப் பற்றியே பேசுகின்றன. அவற்றிலிருந்து ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 46. பகலில் வீட்டு வேலைகளைச் செய்துவிட முடிகிறது; ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் விரல் மூட்டுகள் வலித்து விழிப்பு வந்துவிடுகிறது. காலையில் தோசைக்கரண்டியைக்கூடப் பிடிக்க முடிவதில்லை. பகலில் கைகளுக்கு அதிக வேலை கொடுப்பதுதான் காரணமா?

இல்லை. உழைத்துத் தேய்ந்த மூட்டு மாலையில் வலிக்கும். படுத்தால் பெரும்பாலும் அடங்கும். முடக்குவாதம் இதற்கு நேர்மாறானது. உடலின் நோய் எதிர்ப்பாற்றல் மூட்டின் உட்சவ்வையே தாக்குவதால் உண்டாகும் இந்த அழற்சிக்கு ஒரு கடிகாரம் உண்டு: அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்கள் பின்னிரவில் ஏறி விடியற்காலையில் உச்சத்தைத் தொடுகின்றன, அவற்றை அடக்க வேண்டிய கார்டிசோல் என்னும் ஹார்மோனோ நள்ளிரவை ஒட்டித்தான் மிகக் குறைவாக இருக்கிறது. போதாததற்கு, பல மணி நேரம் அசையாமல் கிடக்கும் மூட்டு இறுகிப்போகிறது. மூன்று மணிக்கு உங்களை எழுப்புவது நேற்றைய வேலையன்று, அடங்காத அழற்சியே.

ஆகவே ஒரு சிறு காரியம் செய்யுங்கள். எழுந்த நேரத்தையும் விரல்கள் இளகிய நேரத்தையும் இரண்டு வாரங்களுக்குக் குறித்து வையுங்கள். இறுக்கம் நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதென்றால், நோய் கட்டுக்குள் இல்லை என்றே பெரும்பாலும் பொருள். "ராத்திரி வலிக்கிறது டாக்டர்" என்று சொல்வதைவிட அந்தக் குறிப்பேடு உங்கள் மருத்துவருக்கு அதிகம் உதவும். மெத்தோட்ரெக்சேட் போன்ற, நோயையே அடக்கும் அடிப்படை மருந்தின் அளவை அவர் மாற்றினாலும் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். அதுவரை பொறுக்க முடியாமல், மருத்துவர் எழுதிய வலி மாத்திரையோடு கடையில் வாங்கிய இன்னொன்றையும் சேர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் இரண்டு சேரும்போது வலி இரு மடங்கு குறைவதில்லை. இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும்தான் நெருங்கி வருகின்றன.

கேள்வி: வலி இரவில்தானே வருகிறது என்று பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையை இரவு உணவுக்குப் பின் போடுகிறேன். உறக்கமே வருவதில்லை. ஏன்?

அந்த மாத்திரைதான் காரணமாக இருக்கக்கூடும். ஸ்டீராய்டு உறக்கத்தைக் கலைக்கும் என்பதால், சாதாரண பிரெட்னிசோலோனைக் காலை உணவோடு போட்டுக்கொள்வதே வழக்கம். இரவு பத்து மணிக்கு விழுங்கினால் நான்கு மணி நேரம் கழித்து மருந்தை வெளிவிடும் தனி வகை மாத்திரையும் உலகில் உண்டு. உங்களிடம் இருப்பது அதுவன்று என்றே நினைக்கிறேன், மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். எதுவாயினும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டுக்குப் பயந்து மூட்டுவலிப் பொடிகளிடம் தஞ்சம் புகுந்து, முகம் வீங்கி, சர்க்கரை ஏறிய நிலையில் திரும்பி வருபவர்கள் உண்டு. அப்படிப்பட்ட சில பொடிகளில் கலந்திருப்பதும் அதே ஸ்டீராய்டுதான், அளவு மட்டும் யாருக்கும் தெரியாது.

கேள்வி: வீக்கம் வடிந்துவிட்டது, அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் இயல்பாகவே உள்ளன. ஆனாலும் உறக்கம் வரவில்லை, உடம்பெல்லாம் வலி. உறவினர் ஒருவர் தாம் உறக்கத்துக்குப் போடும் அல்ப்ரசோலம் மாத்திரையைத் தருகிறேன் என்கிறார்.

வாங்காதீர்கள். அது பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்து. டிராமடால் போன்ற வலி மருந்தோடு சேர்ந்தால் மூச்சையும் மந்தமாக்கும்.

உங்கள் நிலை முதல் வாசகியின் நிலையன்று. வலியால் உறக்கம் கெடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். உறக்கக் கேடு வலியை வளர்க்கும் என்பதை மருத்துவர்களாகிய நாங்கள்கூடப் பல காலம் போதிய அளவு கவனிக்கவில்லை. முடக்குவாத நோயாளிகளை ஓர் இரவின் ஒரு பகுதி மட்டும் விழித்திருக்கச் செய்து பார்த்து 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மறுநாள் அவர்களுடைய வலியும் அசதியும் கூடியிருந்தன. மாதக்கணக்கில் வலித்த காலத்தில் பழகிய விழிப்பு, வீக்கம் வடிந்த பின்னும் போகாமல் தங்கிவிடுகிறது. இதற்கு மாத்திரையைவிட ஒழுங்கே நல்ல மருந்து. எப்போது உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். படுத்து இருபது நிமிடம் போல உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் அமர்ந்து, கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். பகல் உறக்கத்தையும் பிற்பகல் காப்பியையும் விடுங்கள். முதல் வாரம் கடினமாக இருக்கும், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இருந்தும் பலனில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். பலத்த குறட்டையும் மூச்சுத் திணறலும் உண்டா என்று உடன் உறங்குபவரைக் கேளுங்கள். படுத்ததும் கால்களை ஆட்டினால்தான் நிம்மதி என்றிருந்தால், இரும்புச்சத்தின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மனச்சோர்வு இருந்தால் மறைக்காதீர்கள். இந்த நோயில் அது சாதாரணம், சிகிச்சையும் உண்டு.

கேள்வி: இரவில் கை மரத்துப்போய் விழிக்கிறேன்; உதறினால் சரியாகிறது. கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுத்தால் சுகமாக இருக்கிறது. தொடரலாமா?

சொடக்கை இன்றோடு நிறுத்துங்கள். நீண்ட நாள் முடக்குவாதத்தில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் தளர்ந்திருக்கக்கூடும். வெடுக்கென்று திருப்பினால் தண்டுவடம் நசுங்கும் ஆபத்து உண்டு. கழுத்தைக் குனியும்போது மின்சாரம் பாய்வது போன்ற உணர்வோ, கை கால் பலவீனமோ, நடைத் தள்ளாட்டமோ இருந்தால் நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கை மரத்துப்போவது, மணிக்கட்டின் வீக்கம் அங்குள்ள நரம்பை அழுத்துவதாலும் வரலாம். அப்படியானால் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை இரவில் அணிவது உதவும்.

கேள்வி: மெத்தோட்ரெக்சேட் போட்ட மறுநாள் முழுக்க அசதியும் குமட்டலும். என்ன செய்வது?

உங்கள் மருத்துவர் இசைந்தால், விடுமுறைக்கு முந்தைய இரவில் போட்டுப் பாருங்கள். அசதி உறக்கத்தோடு கழியலாம். பக்க விளைவுகளைக் குறைக்க அவர் எழுதிய ஃபோலிக் அமிலத்தைத் தவறவிட வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருக்கட்டும். நாள்தோறும் போட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. மாத்திரை அட்டையின் மேலேயே கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.