45 ஆயிரம் கட்டிச் சேரலாமா?

கேள்வி: தருமபுரியில் எம்.எஸ்ஸி. வேதியியல் முதலாண்டு படிக்கிறேன். ஊர் பென்னாகரம் பக்கம். வேதியியலுக்கு வேலை கிடைக்காது, கம்ப்யூட்டர் தெரிந்தால்தான் பிழைக்க முடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓசூரில் ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாத டேட்டா சயின்ஸ் கோர்ஸ் நடக்கிறது. 45 ஆயிரம் ரூபாய், வேலை உறுதி என்கிறார்கள். இந்த மாதத்துக்குள் 5 ஆயிரம் முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டாம். அம்மா சீட்டு எடுத்துத் தருகிறேன் என்கிறார். என்னிடம் இருப்பது 4 ஜிபி பழைய லேப்டாப். சேரலாமா? – பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கோர்ஸ் மோசம் என்று சொல்லவில்லை, அதை நான் பார்க்கவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து நீங்கள் போய் நிற்கப்போகும் வரிசையில், நான்கு வருடம் கம்ப்யூட்டரே படித்த பி.இ. பிள்ளைகள் முன்னால் நிற்பார்கள். அங்கே உங்கள் எம்.எஸ்ஸி.யை யாரும் கேட்க மாட்டார்கள். ஓசூரிலும், எல்லை தாண்டினால் பொம்மசந்திரா, ஜிகனியிலும் மருந்துக் கம்பெனிகள் இருக்கின்றன. அவற்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் மருந்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. முதல் எல்லாக் கருவியும் சாஃப்ட்வேரில்தான் ஓடுகிறது. அங்கே தேவைப்படுவது கணக்கும் கணினியும் கைவந்த வேதியியல்காரர். அந்த வரிசை சின்னது. அதில் நில்லுங்கள்.

சரி, எதை வைத்துக் கற்பது? உங்கள் ஊர்த் தண்ணீரே இருக்கிறதே! தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கறை படிந்த பற்களைப் பள்ளியிலேயே பார்த்திருப்பீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது இதற்காகவும்தான். இருந்தாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர்வெல்தானே? இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. உங்கள் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முப்பது நாற்பது போர்வெல்லில் தண்ணீர் எடுத்து வாருங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக்கில் எடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஆழத்தைக் கேட்டு எழுதி, போனில் ஜி.பி.எஸ். அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் ஃபுளோரைடை அளக்கும் எலக்ட்ரோடு இருந்தால் நல்லது. முதலில் தெரிந்த அளவுள்ள கரைசல்களை வைத்து அளவுக்கோடு போட வேண்டும். 1 மில்லிகிராமிலிருந்து 10-க்குப் போகும்போது, 25 டிகிரியில், மீட்டர் சுமார் 59 மில்லிவோல்ட் இறங்க வேண்டும். 45-தான் இறங்குகிறது என்றால் எலக்ட்ரோடிலோ கரைசலிலோ கோளாறு, அன்றைக்கு எடுத்த எந்த அளவையும் நம்பக் கூடாது. இந்தக் கோட்டை முதலில் எக்ஸெலில் போடுங்கள், பிறகு அதையே பைத்தான் என்ற நிரல் மொழியில் பத்து வரியில் எழுதுங்கள். இரண்டு விடையும் ஒத்துப்போகும்போது வருகிற தைரியத்தை எந்த வகுப்பிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. எலக்ட்ரோடு இல்லையா, ஸ்பேட்ன்ஸ் சாயம் போட்டு, நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் பாருங்கள். கணக்கு கொஞ்சம் மாறும், வேலை அதே வேலைதான்.

அடுத்துதான் நிஜமான பாடம். உங்கள் அட்டவணையோடு பழைய ஆய்வறிக்கை ஒன்றையோ அரசுத் தரவையோ சேர்த்துப் பாருங்கள். பென்னாகரம் என்ற ஊர்ப் பெயரே இரண்டு மூன்று ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கும், கம்ப்யூட்டர் அதை மூன்று ஊராக எண்ணிவிடும். ஒரு கட்டம் காலியாக இருக்கும். இன்னொன்றில் எண்ணுக்குப் பதில் 'பி.டி.எல்.' என்று இருக்கும், கருவி கண்டுபிடிக்கும் அளவுக்குக் கீழே என்று அர்த்தம். அதைப் பூஜ்யம் என்று போட்டால் சராசரி இறங்கிவிடும், அந்த வரியையே தூக்கிவிட்டால் சராசரி ஏறிவிடும். நீங்கள் என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள்? நேர்காணலில் இந்தக் கேள்விக்கு இரண்டு நிமிடம் பேச முடிகிற பெண்ணை யாரும் சும்மா அனுப்ப மாட்டார்கள். பயிற்சி மையங்களில் பெரும்பாலும் சுத்தம் செய்து வைத்த டேட்டாவைத்தான் கையில் கொடுக்கிறார்கள். அதனாலேயே அங்கே படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இந்த இடத்தில் முழிக்கிறார்கள்.

கடைசியில் க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் கிணறுகளை வரைபடத்தில் வையுங்கள். ஆழம் கூடினால் ஃபுளோரைடு கூடுகிறதா, கால்சியம் குறைந்த தண்ணீரில் அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏன் என்பதற்கு உங்கள் வேதியியலே பதில் சொல்லும். (முடிவை வாட்ஸ்அப்பில் போட்டு ஊரைக் கலங்கடிக்காதீர்கள். முதலில் உங்கள் பேராசிரியரிடம் காட்டி, பிறகு பஞ்சாயத்தில் சொல்லுங்கள்.)

இதற்கு வேண்டிய பாடமெல்லாம் இலவசம். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் என்ற வீடியோ பாடங்களில் பைத்தான், க்யூ.ஜி.ஐ.எஸ். இரண்டும் இருக்கின்றன, தமிழிலும் நிறையப் பாடங்கள் உண்டு. ஒவ்வொன்றும் பத்து நிமிடம் போல ஓடும். பாதித் திரையில் வீடியோ, மீதிப் பாதியில் நீங்கள் டைப் அடிக்க வேண்டும். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால் ஒன்றும் ஒட்டாது. அதற்கப்புறம் ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். ஆன்லைன் வகுப்புகளில் எட்டு வாரமோ பன்னிரண்டு வாரமோ ஓடுகிற டேட்டா கோர்ஸ் ஒன்றை எடுங்கள். படிப்பதற்குக் காசில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராவாரம் செய்கிற பயிற்சிக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. லேப்டாப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். கூகுள் கோலாபில் நிரல் அவர்கள் கணினியில் ஓடும், உங்களுக்கு வேண்டியது பிரவுசரும் நெட்டும்தான். நான் முதல்வன் திட்டத்தில் உங்களுக்கு ஏதாவது வகுப்பு உண்டா என்று கல்லூரியிலும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

எதிரில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிக் கொடுத்தால்தான் எனக்கு ஏறும் என்கிறீர்களா? அதுவும் நியாயம்தான், சிலருக்கு அப்படித்தான். அப்படியானால் அந்த மையத்துக்குப் போய், போன பேட்ச் மாணவர்கள் செய்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். நாளுக்கு எத்தனை மணி நேரம் கீபோர்டு உங்கள் கையில் இருக்கும் என்று கேளுங்கள். நடுவில் நின்றால் பணம் திரும்புமா? 'வேலை உறுதி' என்றால் எந்தக் கம்பெனி, என்ன சம்பளம்? இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தருகிறார்கள் என்றால் மறுபடி எனக்கு எழுதுங்கள், யோசிப்போம். மாதக் கடைசித் தள்ளுபடி அடுத்த மாதமும் இருக்கும், அவசரப்பட வேண்டாம்.

அம்மாவிடம் சீட்டை இப்போது எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டாம் ஆண்டில் ப்ராஜெக்ட் வரும். தண்ணீர் எடுக்க ஊர் ஊராகப் போகிற பஸ் செலவு, பாட்டில், கெமிக்கல் என்று சில ஆயிரம் ஆகும். அதற்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.