இன்டெல் மேக்புக்: இப்போதே மாற்றணுமா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தபடி பதிப்பகங்களுக்குப் புத்தக வடிவமைப்பு செய்து தருகிறேன். 2020 தொடக்கத்தில் வந்த இன்டெல் மேக்புக் ஏர், 8 ஜிபி மெமரி. ஆப்பிள் கணினிகளின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸின் புதிய பதிப்பு டஹோ இதில் ஏறாது என்று தெரிந்ததிலிருந்து மனது அலைபாய்கிறது. பேட்டரியும் ‘சர்வீஸ் ரெக்கமெண்டட்’ என்று காட்டுகிறது. “ஆப்பிளோட புது சிப் எம்5 வந்தாச்சு, தவணையில் பெரிய மாடலாவே எடுத்துடு” என்கிறான் தம்பி. “அடுத்தது வரட்டும், விலை குறையும்” என்கிறார் கணவர். எனக்கு மாதச் சம்பளம் கிடையாது, பில் பாஸானால்தான் பணம். ஐந்து மாதச் செலவுக்கான தொகையை அவசரத்துக்கென்று தனியாக வைத்திருக்கிறேன். அதை எடுத்து வாங்கலாமா, தவணை போடலாமா, காத்திருக்கலாமா?

பதில்: அவசரப் பணத்தில் கை வைக்க வேண்டாம், தவணையும் வேண்டாம். காத்திருக்கலாம், ஆனால் உங்கள் கணவர் சொல்கிற காரணத்துக்காக அல்ல. அடுத்த மாடல் எப்போது வரும் என்பதைவிட, உங்கள் மேஜையில் இருக்கிற மெஷின் எதுவரை தாங்கும் என்பதுதான் முக்கியம். அந்தத் தேதியை ஓரளவு கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

ஆப்பிள் தன் சொந்த சிப்புக்கு மாறப் போவதாக 2020 ஜூனில் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்தச் சிப்பின் முதல் தலைமுறையான எம்1 கொண்ட ஏர் வந்தது, உங்களுடைய இன்டெல் ஏர் விற்பனையிலிருந்து விலகியது. மார்ச்சில் வந்து நவம்பரில் போன மாடல் அது, பாவம். 2025 செப்டம்பரில் வந்த டஹோவில் அதற்கு இடமில்லை. டஹோ ஏறுகிற சில இன்டெல் மேக்குகளுக்கும் இதுதான் கடைசி மேக்ஓஎஸ் என்று ஆப்பிளே சொல்லிவிட்டது.

புதிய மேக்ஓஎஸ் ஏறாது என்பதும் மெஷின் செத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. உங்களுடையதில் டஹோவுக்கு முந்தைய மேக்ஓஎஸ்ஸான செக்கோயா ஓடும். நடப்பு மேக்ஓஎஸ்ஸுக்கும் அதற்கு முந்தைய இரண்டுக்கும் பாதுகாப்பு அப்டேட் தருவது ஆப்பிளின் வழக்கம். இப்போது, 2025 நவம்பரில், நடப்பில் இருப்பது டஹோ. அடுத்த ஆண்டு இன்னொன்று வந்தாலும் செக்கோயா அந்த மூன்றுக்குள் வந்துவிடும். 2027 செப்டம்பர், அக்டோபர் வாக்கில் அதற்கடுத்தது வரும்போதுதான் வெளியே போகும். இது வழக்கம்தான், எழுதிக் கொடுத்த உறுதி அல்ல. ஆனாலும் திட்டம் போட இது போதும். ஏறக்குறைய இரண்டு வருடம் கையில் இருக்கிறது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது பேட்டரியைப் பற்றித்தான். விற்பனையை நிறுத்தி ஐந்து வருடம் தாண்டிய பொருளை ஆப்பிள் ‘விண்டேஜ்’ பட்டியலில் போட்டுவிடும். அதன் பிறகு உதிரி பாகம் கையிருப்பில் இருந்தால்தான் சர்வீஸ். ஏழு வருடம் ஆனால் ‘அப்ஸலீட்’, அதாவது காலாவதி, பொதுவாக சர்வீஸே கிடையாது. (லேப்டாப் பேட்டரிக்கு மட்டும் சில சமயம் கூடுதல் காலம் தருகிறார்கள், பாகம் கிடைத்தால்.) 2020 நவம்பரோடு ஐந்தைக் கூட்டிப் பாருங்கள். உங்கள் மாடல் அந்தக் கெடுவில் வந்து நிற்கிறது. டஹோ வரவில்லையே என்று வருந்துகிற நேரத்தில் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டு, பேட்டரி இருக்கிறதா, என்ன விலை என்று கேளுங்கள்.

கேட்பதற்கு முன் ஒன்று பார்த்துவிடுங்கள். ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு ஆப்பிள் மெனுவைத் திறந்தால் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ வரும். அதில் ‘பவர்’ பகுதியில் ‘சைக்கிள் கவுன்ட்’ என்று, பேட்டரியின் முழு சார்ஜ் அளவு எத்தனை முறை செலவாகியிருக்கிறது என்பதைக் காட்டும் ஓர் எண் இருக்கும். உங்கள் பேட்டரிக்கு ஆப்பிள் வைத்திருக்கும் வரம்பு 1000 சைக்கிள். அதை நெருங்கியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ட்ராக்பேட் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு உடனே எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி காசுக் கணக்கு. புதிய ஏர் ஒன்றின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருடம், அதாவது 72 மாதம் உழைத்து, கடைசியில் 10-க்கு விற்கிறீர்கள். மாதத்துக்கு 1.25 ஆகிறது. தம்பி சொல்கிற பெரிய மாடல் 160, கடைசியில் 15-க்குப் போகிறது என்றால் மாதத்துக்கு 2. அதுவும் அதே ஆறு வருடம்தான் உழைக்கும், பெரிய மாடல் என்பதற்காக மேக்ஓஎஸ் இரண்டு வருடம் கூடுதலாக வராது. யாரோ வைத்திருந்த எம்1 ஏர் 45-க்குக் கிடைக்கிறது, இன்னும் மூன்று வருடம் ஓடும் என்றால் மாதத்துக்கு 1.25. புதியதும் அதுவும் ஒன்றுதான், வாரண்டிதான் இல்லை! இருப்பதிலேயே 15 செலவழித்துப் பேட்டரி மாற்றி 20 மாதம் ஓட்டினால் மாதத்துக்கு 0.75. இந்த எண்கள் கணக்கைக் காட்ட நான் போட்டவை. உங்களுக்குக் கிடைக்கிற விலையைப் போட்டுப் பாருங்கள், வரிசை பெரும்பாலும் மாறாது.

மாறுகிற ஓர் இடம் உண்டு. இந்தக் கணக்கில் உங்கள் நேரத்துக்கு விலை போடவில்லை. படங்கள் நிறைந்த 300 பக்கப் புத்தகத்தை பிடிஎஃப் ஆக்கும்போது விசிறி கத்துவதும், பக்கம் புரட்டினால் அந்தப் பல வண்ண வட்டம் சுற்றுவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. வேலை மும்முரமாக இருக்கும் ஒரு நாளில் ‘ஆக்டிவிட்டி மானிட்டர்’ திறந்து ‘மெமரி’ பிரிவுக்குப் போங்கள். கீழே ‘மெமரி பிரஷர்’ என்று சின்ன வரைபடம் இருக்கும். பச்சை என்றால் கவலையில்லை. அவ்வப்போது மஞ்சள் என்றால் பிரவுசரில் திறந்து வைத்திருக்கும் டேப்களை மூடுங்கள், பாதி சரியாகிவிடும். நாள் முழுக்கச் சிவப்பு என்றால் 8 ஜிபி உங்களுக்குப் போதவில்லை, பேட்டரி மாற்றினாலும் அது தீராது.

அப்போதும் என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது: மிச்சமாகிற நேரத்தில் கூடுதல் புத்தகம் வருமா? வேலை வரிசையில் நிற்கிறது, நேரமில்லாமல் திருப்பி அனுப்புகிறீர்கள் என்றால் புதிய மெஷின் தன் விலையைத் தானே சம்பாதித்துவிடும், தள்ளிப் போடுவதுதான் நஷ்டம். வருகிற வேலை அவ்வளவுதான் என்றால், வேகம் உங்களுக்கு வசதி, வருமானம் அல்ல. வசதிக்குச் செலவு செய்வது தப்பில்லை, கடன் வாங்கிச் செய்யாமல் இருந்தால் சரி.

கணவரின் ‘அடுத்தது வரட்டும்’ பற்றி. எம்1 2020 நவம்பர், எம்2 2022 ஜூன், எம்3 2023 அக்டோபர், எம்4 முதலில் ஐபேடில் 2024 மே, எம்5 2025 அக்டோபர். இப்படியே காத்திருந்தால் எப்போதும் ஓர் ‘அடுத்தது’ இருந்துகொண்டே இருக்கும். ஆனால் வாங்குவது என்று முடிவு செய்த பிறகு, மாதம் பார்த்து வாங்குவதில் பலன் உண்டு. எம்3 ஏர் 2024 மார்ச்சிலும் எம்4 ஏர் 2025 மார்ச்சிலும் வந்தன. மேக்குகளில் எம்5 2025 நவம்பர் நிலவரப்படி 14 அங்குல புரோவில்தான் வந்திருந்தது, ஏருக்கு வந்திருக்கவில்லை. ஆகவே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஏர் வாங்குவதை நான் பொதுவாகத் தடுப்பேன். புதியது வந்ததும் முந்தைய மாடலைக் கடைகள் தள்ளிவிடப் பார்க்கும், அப்போது அதை வாங்குங்கள். 2024 அக்டோபர் கடைசியில் விலையை ஏற்றாமலே ஏரின் ஆரம்ப மெமரியை ஆப்பிள் 8-லிருந்து 16 ஜிபி ஆக்கியது. அதற்கு முந்தைய வாரம் 8 ஜிபி வாங்கியவர்களின் வயிற்றெரிச்சலை நினைத்துப் பாருங்கள்.

எதை வாங்குவது? அப்போதைய ஏர், அல்லது ஒரு தலைமுறை முந்தையது, 16 ஜிபி மெமரி. படங்கள் அதிகம் உள்ள கனமான புத்தகங்களே உங்கள் பிழைப்பு என்றால் 24 ஜிபி யோசிக்கலாம், ஏனென்றால் மெமரியைப் பின்னால் கூட்டவே முடியாது. ஸ்டோரேஜுக்கு ஆப்பிளிடம் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முடிந்த புத்தகங்களையெல்லாம் வெளியே ஒரு எஸ்எஸ்டியில் போட்டுவிடலாம். அதை இப்போதே வாங்கிவிட்டால் பேட்டரி மாற்றக் கொடுப்பதற்கு முன் மேக்கிலேயே இருக்கிற ‘டைம் மெஷின்’ வழியாக பேக்கப் எடுக்கவும் உதவும்.

இன்னொன்றும் யோசியுங்கள். லேப்டாப்பைப் பெரிய மானிட்டரில் செருகி ஒரே மேஜையில்தான் உட்காருகிறீர்கள் என்றால் உங்களுக்கு லேப்டாப்பே தேவைதானா? திரை இல்லாத சின்ன மேஜைக் கணினியான எம்4 மேக் மினி 16 ஜிபியில்தான் தொடங்குகிறது, விலையோ ஏரைவிட நன்றாகவே குறைவு. தவணை தேவையா என்கிற பேச்சே எழாமல் போகலாம். பதிப்பகத்துக்கு எடுத்துப் போய் ஆசிரியரோடு உட்கார்ந்து திருத்துகிற பழக்கம் இருந்தால் மட்டும் இது உதவாது.

தவணை பற்றிக் கேட்டீர்கள். வட்டியில்லாத் தவணை என்று விளம்பரத்தில் இருக்கும். முழுப் பணம் கட்டுகிறவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்கு உண்டா, பிராசஸிங் கட்டணம் எவ்வளவு என்ற இரண்டையும் கேட்டால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். உங்கள் விஷயத்தில் வட்டியைவிடப் பெரிய தொந்தரவு தேதி. தவணை மாதா மாதம் ஒரே நாளில் போகும், பதிப்பகம் அப்படிப் பணம் தராது. வருமானம் ஏறி இறங்குகிறவர்களுக்கு ஆறு மாதச் செலவாவது கையில் இருக்கணும் என்பேன். உங்களிடம் ஐந்துதான் இருக்கிறது.

ஆகவே பில் பணம் வந்த அன்றே அதில் ஒரு பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். இலக்கு 2027 மார்ச், பதினாறு மாதம். மெஷின் விலை 100 என்றால் சராசரியாக மாதம் ஆறே கால். ஒரு மாதம் பில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டு பில் சேர்ந்து வந்தால் இரட்டிப்பாகப் போடுங்கள். நடுவில் மெஷின் படுத்துவிட்டால் அதுவரை சேர்ந்தது முன்பணம், மீதிக்கு மட்டும் சின்னத் தவணை. அந்த நிலையில் நானும் தடுக்க மாட்டேன், தொழில் நிற்கக் கூடாது. வாங்கும்போது பில் உங்கள் தொழில் பெயரில் இருக்கட்டும். வரிக் கணக்கில் எப்படிக் காட்டலாம் என்று உங்கள் ஆடிட்டர் சொல்வார்.

மென்பொருள் பக்கம் இரண்டு விஷயம். புதிய மேக்குக்குப் போனால் இன்டெல்லுக்காக எழுதிய பழைய மென்பொருளை ரொசெட்டா என்கிற இடைத்தட்டு ஓட்டிக்கொடுக்கும். ஆனால் டஹோவுக்கு அடுத்த மேக்ஓஎஸ் வரைதான் அது முழுசாக இருக்கும் என்று ஆப்பிள் சொல்லியிருக்கிறது. பழைய எழுத்துரு மாற்றிகள், பிளக்-இன்கள் ஏதாவது வைத்திருப்பீர்கள். ஒவ்வொரு மென்பொருளையும் ஃபைண்டரில் தேர்ந்தெடுத்து ‘கெட் இன்ஃபோ’ பாருங்கள். ‘கைண்ட்’ வரிசையில் ‘யுனிவர்சல்’ என்றிருந்தால் பிரச்சினை இல்லை. ‘இன்டெல்’ என்று மட்டும் இருந்தால் மாற்று தேடி வையுங்கள், அதற்கும் காசு ஆகலாம்.

அடுத்தது சந்தா. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்கு மாதா மாதம் கட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதுபோன்ற இன்னொரு மென்பொருளான அஃபினிட்டி 2025 அக்டோபர் கடைசியில் இலவசமாகிவிட்டது. இன்டிசைனிலிருந்து ஐடிஎம்எல் என்கிற கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்த கோப்பை அது திறக்கும். ஆனால் அவசரப்பட்டு சந்தாவை நிறுத்த வேண்டாம். ‘கொ’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ எல்லாம் வருகிற ஒரு தமிழ்ப் பக்கத்தை அதில் வைத்து, பிடிஎஃப் எடுத்து, எழுத்து உடையாமல் வருகிறதா என்று பாருங்கள். பதிப்பகம் இன்டிசைன் கோப்பையே கேட்கிறதென்றால் இந்தப் பேச்சே வேண்டாம். பதிப்பகம் இன்டிசைனின் புதிய பதிப்புக்கு மாறி, அது உங்கள் செக்கோயாவில் ஏறவில்லை என்றால் நான் சொன்ன 2027 முன்னாலேயே வந்துவிடும். எந்தப் பதிப்பு வைத்திருக்கிறார்கள் என்று இப்போதே ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, புதியது வாங்கும்போது ஆப்பிளின் கூடுதல் பாதுகாப்புத் திட்டமான ஆப்பிள்கேர் பிளஸ் எடுக்கலாமா என்ற கேள்வி நிச்சயம் வரும். சாதாரண வாரண்டி ஒரு வருடம்தான், அதில் கீழே விழுந்தது, தண்ணீர் கொட்டியது எல்லாம் சேராது. லேப்டாப் பையோடு ஊர் சுற்றுகிறவர் எடுக்கட்டும். மேஜையை விட்டு நகராத மெஷினுக்கு நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். அந்தத் தொகையையும் அதே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.