டயரைக் கழற்றுவதா, சக்கரத்தைக் கழற்றுவதா?

தம்பிக்கு வணக்கம். இங்கிலாந்தில் கோவென்ட்ரிக்கு வந்து பத்து மாதம் ஆகிறது, ராயல் என்ஃபீல்டின் பழைய இன்டர்செப்டர் 650 மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறேன், பின்டயர் தேய்ந்துவிட்டது, முன்டயரும் அதிக நாள் தாங்காது என்று எழுதியிருந்தீர்கள். கடையில் விசாரித்தால் டயர் விலை தனி, மாட்டுவதற்குக் கூலி சக்கரத்துக்கு 45 பவுண்டு என்கிறார்களாம். திருச்சியில் டீ குடித்து முடிப்பதற்குள் முடிகிற வேலை இது, கூலியும் நூறு இருநூறு ரூபாய்தான், இந்தக் கொள்ளைக்குப் பதில் நாமே வீட்டில் மாற்றிக்கொள்ளக் கூடாதா என்பது உங்கள் கேள்வி.

தாராளமாக மாற்றலாம். பதினாறு ஆண்டுகளாக நான் இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறேன். பாதி டயர்களை நானே மாற்றியிருக்கிறேன், மீதியைக் கடையில் கொடுத்திருக்கிறேன். இரண்டிலும் பட்ட அனுபவத்தை வைத்துச் சொல்வதென்றால், முதல் முறைக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. சக்கரத்தை நீங்கள் கழற்றுங்கள். டயரைக் கடைக்காரர் கழற்றட்டும்.

45 பவுண்டு எதற்கு என்று கடைக்காரரிடம் கேட்டீர்களா? முழு வண்டியோடு போனால்தான் அந்தக் கூலி. வண்டியைத் தூக்கி நிறுத்துவது, பிரேக்கை விலக்குவது, சக்கரத்தின் அச்சான ஆக்சிலை உருவுவது, எல்லாம் முடிந்தபின் செயினை நேர்படுத்தி மறுபடி பூட்டுவது என்று நேரம் முழுவதும் அதில்தான் போகிறது. டயரைக் கழற்றிப் புதியதை மாட்டி, சுழலும்போது ஆடாதபடி எடையைச் சமன்பார்ப்பது இயந்திரம் இருப்பவருக்குப் பதினைந்து நிமிடம். சக்கரத்தை மட்டும் கையில் கொண்டுபோனால் என் பக்கத்துக் கடைகளில் 20 முதல் 25 பவுண்டு வாங்குகிறார்கள். உங்கள் வண்டிக்கு டியூப் விலை தனி. இந்த நாட்டில் குறைந்தபட்ச ஊதியமே மணிக்கு 12 பவுண்டுக்கு மேல். கடை வாடகை, இயந்திரம், காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அதைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் வருடம் நானும் அப்படித்தான் சொன்னேன். எதை வாங்கினாலும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது, மெல்லத்தான் போகும்.

ஊரில் நமக்கு அது எளிதாகத் தெரிந்ததற்கு வேறு காரணமும் உண்டு. மதுரையில் எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைத் தரையில் போட்டு, குதிகாலால் டயரின் ஓரத்தில் நாலு மிதி மிதிப்பார். விளிம்பு ரிம்மை விட்டு உள்ளே இறங்கிவிடும். டயரை நெம்ப இரண்டு லிவர், ஒரு சுத்தியல், பாதியாக வெட்டிய டிரம்மில் தண்ணீர், இவ்வளவுதான் அவருடைய பட்டறை. அந்தக் குதிகால் ஒரு நாளைக்கு முப்பது டயர் பார்த்த குதிகால். வெயிலும் அவருக்கு ஒத்தாசை. சித்திரை மாதத் தரையில் கிடந்த டயர் தோல் செருப்பு போல வளையும்.

நான் முதன்முதலில் இங்கே டயர் மாற்ற உட்கார்ந்தது ஒரு பிப்ரவரி மாதம். வீட்டின் பின்னால் இருக்கும் மரக்கொட்டகையில் நான்கு டிகிரி குளிர். அப்போது என்னிடமிருந்ததும் உங்களுடையதைப் போலவே ஸ்போக்ஸ் கம்பி போட்ட, டியூப் உள்ள சக்கரம். மதுரைக்காரரை நினைத்துக்கொண்டு குதிகாலால் மிதித்தேன். டயர் அசையவில்லை, முழங்கால்தான் வலித்தது. கருங்கல் போல இறுகிக் கிடந்தது. கடைசியில் மரப்பலகையும் கார் ஜாக்கியும் வைத்து விளிம்பை இறக்கினேன். பழைய டயரை எடுக்க ஒரு மணி நேரம், புதியதை ஏற்ற இன்னொரு மணி நேரம், ரிம்மில் மூன்று கீறல். ஒருவழியாகக் காற்றடித்தேன். பம்பின் முள் ஏறியது, நின்றது, பிறகு மெதுவாக இறங்கத் தொடங்கியது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே மெல்லிய சீறல். லிவரின் நுனி புது டியூப்பைக் கடித்துவிட்டது. சமையலறை ஜன்னலைத் திறந்து என் மனைவி கேட்டாள்: "பஞ்சர் கடை வைக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

அதே வேலையை ஜூன் மாதம் இன்னொரு டயருக்குச் செய்தபோது நாற்பது நிமிடத்தில் முடிந்தது. காலையிலேயே புது டயரைக் காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் வைத்துவிட்டேன். இன்னொன்றையும் அதற்குள் கற்றிருந்தேன். ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள், நடுவில் ஒரு பள்ளம் சுற்றி ஓடும். லிவரால் ஒரு பக்கம் நெம்பும்போது, நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்துக்குள் இறக்கி வைக்க வேண்டும். அப்போதுதான் நெம்பும் பக்கத்தில் டயருக்குக் கொஞ்சம் நெகிழ்வு கிடைக்கும். விளிம்புக்குள் எஃகுக் கம்பி ஓடுகிறது, அது ரப்பரைப் போல நீளாது. பலம் போதவில்லை என்று தோன்றினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் பள்ளத்தை விட்டு மேலே ஏறியிருக்கும். லிவரை ஒரே மூச்சில் அரை அடி நெம்பாமல், இரண்டு விரல் அகலமாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். டயர் வழுக்கி ஏறுவதற்கான டயர் பேஸ்டையும் தாராளமாகத் தடவுங்கள்.

டியூப்புக்குக் கொஞ்சம் காற்றடித்து, உருண்டை வடிவம் வந்த பிறகு டயருக்குள் வைத்தால் லிவர் கடிக்கும் வாய்ப்புக் குறையும். குழந்தைக்குப் போடும் பவுடரை உள்ளே தூவினால் டியூப் சுருங்கி ஒட்டிக்கொள்ளாது. வால்வில் ஒரு சிறு நட்டு இருக்கும். அதை ரிம்மோடு இறுக்காமல் வால்வு மூடியோடு சேர்த்து மேலே வைப்பது என் வழக்கம். டயர் ரிம்மில் நழுவினால் டியூப்பும் கூடவே நகரும், வால்வு சாய்ந்து நின்று அதைக் காட்டிக்கொடுக்கும். நட்டை இறுக்கிவிட்டால் சாயாது, ஒருநாள் வேரோடு கிழியும்.

இதற்கான கருவிகளின் கணக்கையும் பாருங்கள். நல்ல லிவர் மூன்று, ரிம் கீறாமலிருக்கப் பிளாஸ்டிக் தடுப்பு, விளிம்பை இறக்கும் கருவி, சமன்பார்க்கும் தாங்கி, ஒட்டும் ஈய எடைகள் எல்லாம் சேர்ந்து எனக்கு 100 பவுண்டைத் தாண்டியது. சக்கரத்தைக் கையில் கொண்டுபோகிறவருக்கு டயர் ஒன்றுக்கு மிச்சமாவது இருபது சொச்சம்தான். ஒன்றரை ஆண்டுக்கு ஒரு ஜோடி டயர் தேய்க்கிறவர் போட்ட பணத்தை எடுக்க நான்கு ஆண்டு ஆகும். சக்கரத்தைக் கழற்றத் தேவையான கருவிகள் வேறு வகை. சாக்கெட் செட்டும், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சும் எப்படியும் உங்களுக்கு வேண்டும், செயின் இறுக்கவாவது பயன்படும்.

சக்கரத்தைக் கழற்றுவது கடினமில்லை, ஆனால் ஒழுங்கு வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒவ்வொரு அடியிலும் கைபேசியில் படம் எடுங்கள். ஆக்சிலின் இரு பக்கமும் இருக்கும் குழல் வடிவ ஸ்பேசர்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், நீளம் வேறாக இருக்கும். சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கைத் தொடவே கூடாது. தொட்டால் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வரும். பிரேக் பேடுகளுக்கு நடுவில் ஓர் அட்டைத் துண்டைச் செருகி வையுங்கள். இறுக்கும் அளவுகளை வண்டியின் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சால் முடியுங்கள், என் கை எனக்குத் தெரியும் என்ற பேச்சு இங்கே வேண்டாம். பூட்டி முடித்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே, பிரேக் கெட்டியாகும் வரை நாலைந்து முறை அழுத்துங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டு வாசலில் இறக்கினேன். முன்பிரேக்கைப் பிடித்தால் கை வெறுமனே உள்ளே போகிறது. நல்லவேளை, கவுன்சில் குப்பைத்தொட்டி எதிரே நின்று என்னைத் தாங்கிக்கொண்டது.

கடைக்குக் கொண்டுபோகும் முன் ரிம்மில் காகித நாடா ஒட்டி, சக்கரம் சுழலும் திசையை அம்புக்குறியாக வரைந்துவிடுங்கள். டயரின் பக்கச் சுவரில் அம்புக்குறி அச்சிட்டிருக்கும், இரண்டும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒரு கடையில் எனக்குத் தலைகீழாக மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, பூட்டி, கைகழுவிய பிறகுதான் கவனித்தேன். திரும்பக் கொண்டுபோனதும் ஒரு வார்த்தை பேசாமல் சரிசெய்தார்கள், ஆனால் என் சனிக்கிழமை போனது போனதுதான். இப்போதெல்லாம் கடை வாசலிலேயே பார்த்துவிடுகிறேன். அதே பக்கச் சுவரில் தயாரித்த தேதியையும் பாருங்கள். நான்கு இலக்கம், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் டயர்களில் சில இப்படிக் கிடங்கில் வயதானவை. வெளியில் வாங்கிய டயரைச் சில கடைகள் மாட்டித் தருவதில்லை, சிலர் கூலியைக் கூட்டுவார்கள், எனவே வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கார் இல்லையென்றால் சக்கரத்தை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்பீர்கள். நான் ஒருமுறை 20 கிலோ அரிசிப் பை இரண்டைப் பிரித்துச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறேன். ஓட்டுநர் பார்த்தார், சிரித்தார், டிக்கெட் கொடுத்தார். பரிந்துரைக்க மாட்டேன், நண்பரின் காரைக் கேளுங்கள். வீட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. பின்முற்றமோ கொட்டகையோ இல்லாமல், வண்டி தெருவில் நிற்கிறது என்றால் நான் சொன்ன எதையும் செய்ய வேண்டாம். ஒரு சக்கரமில்லாமல் தெருவோரம் நிற்கும் வண்டியை யாராவது இடித்துத் தள்ளலாம், தூக்கிக்கொண்டும் போகலாம். பேசாமல் 45 பவுண்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

தள்ளிப்போடுவது மட்டும் கூடாது. மோட்டார் சைக்கிள் டயரின் அகலத்தில் முக்கால் பங்குக்கு, சுற்றிலும் 1 மில்லிமீட்டர் ஆழமாவது பள்ளம் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். மீதிக் கால் பங்கிலும் பள்ளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிடிபட்டால் டயர் ஒன்றுக்கு 2,500 பவுண்டு வரை அபராதம், உரிமத்தில் மூன்று புள்ளி. புதிதாக உரிமம் வாங்கிய இரண்டு ஆண்டுக்குள் ஆறு புள்ளி சேர்ந்தால் உரிமமே போய்விடும், இரண்டு டயரும் தேய்ந்திருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வண்டிக்கு மூன்று வயதானபின் ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனையிலும் டயர் பார்ப்பார்கள். சட்டம் கிடக்கட்டும், நவம்பர் மாத ஈரச் சாலையில் ரவுண்டானா சுற்றும்போது 1 மில்லிமீட்டர் எனக்குப் போதவே போதாது.

புது டயரும் முதல் நூறு மைலுக்கு வழுக்கும், சாய்த்து ஓட்டாதீர்கள். பழைய பின்டயரைக் கடையிலேயே விட்டுவிடுங்கள், இரண்டு மூன்று பவுண்டு கேட்பார்கள். நாமே மாற்றினால் அதை எங்கே போடுவது என்பது தனித் தலைவலி. வீட்டுக் குப்பைத்தொட்டியில் எடுக்க மாட்டார்கள், கவுன்சில் குப்பை மையத்தின் விதி ஊருக்கு ஊர் மாறும், வழியோரம் எறிந்தால் வழக்கு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, டயர் கழற்றக் கற்றுக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. காசு மிச்சத்துக்காகக் கற்காதீர்கள், பஞ்சருக்காகக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் இன்டர்செப்டரை வடிவமைத்ததில் இங்கிருந்து பக்கத்திலேயே, லெஸ்டர்ஷயரில் இருக்கும் ராயல் என்ஃபீல்டு தொழில்நுட்ப மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. செய்தது சென்னை அருகே. ஆனால் இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. 2023இல் வந்த அலாய் வீல் வண்டிகளில் டியூப் கிடையாது, ஆணி ஏறினால் சாலையோரத்திலேயே அடைப்பான் செருகிவிடலாம். ஸ்போக்ஸ் கம்பி வண்டியில் டியூப். சென்னையில் அதனால் ஒன்றும் குறையில்லை, ஒரு கிலோமீட்டர் தள்ளினால் பஞ்சர் கடை வரும். இங்கே ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு கிராமத்துச் சாலையில் பஞ்சரானால் யாரும் வர மாட்டார்கள். வழியுதவிக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா, அதில் மோட்டார் சைக்கிள் அடங்குமா என்று இன்றே பாருங்கள்.

ஆகவே இந்த முறை இரண்டு சக்கரங்களையும் கழற்றிக் கடையில் கொடுங்கள். கடைக்காரர் பழைய முன்டயரைத் தூக்கி எறிவதற்குள் அதைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள், பழைய டியூப்பையும் சேர்த்து. அடுத்த முறை முன்சக்கரம் கழற்றியிருக்கும் ஒரு கோடைநாளில், வெயிலில் காய வைத்து, அதில் ஏற்றி இறக்கிப் பழகிப் பாருங்கள். டியூப்பைக் கடிப்பீர்கள். அது பழைய டியூப்பாக இருக்கட்டும்.