டிஸ்க்வேர்ல்ட் - எங்கே தொடங்குவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் என்ற மிகுபுனைவு நாவல் வரிசையைப் படிக்க விரும்பி, முதலில் வெளிவந்த ‘தி கலர் ஆஃப் மேஜிக்’ நாவலை எடுத்தேன். பாதிக்கு மேல் நகரவில்லை. நண்பர் ஒருவர் நேராக ‘நைட் வாட்ச்’ நாவலுக்குப் போகச் சொல்கிறார், அதுதான் உச்சம் என்று. 41 நாவல்கள் என்பதே மலைப்பாக இருக்கிறது. வெளிவந்த வரிசையில்தான் படிக்கவேண்டுமா?

எம்.

அன்புள்ள எம்,

வேண்டியதில்லை. 41 நாவல்களும் ஒரே கதையின் பாகங்கள் அல்ல. ஓர் உலகம், அதில் ஐந்தாறு கதைச்சரடுகள். ஒவ்வொரு சரடுக்குள்ளும்தான் வரிசை முக்கியம்.

நீங்கள் பாதியில் நின்றது இயல்பு. 1983ல் வந்த அந்த நாவல், அதற்கு முந்தைய வாளும் மந்திரமுமான மிகுபுனைவுகளைப் பகடி செய்கிறது. அவற்றில் பழக்கமில்லாதவருக்குப் பகடியில் பாதி எட்டாது. கதையும் தட்டு வடிவமான அந்த உலகின் விளிம்பில் அந்தரத்தில் நின்றுவிடும். மீதி, 1986ல் வந்த ‘தி லைட் ஃபென்டாஸ்டிக்’ நாவலில். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள், ஆனால் பத்துப் புத்தகங்கள் முடித்தபிறகு.

‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ (1989) நாவலில் தொடங்குங்கள். ஆங்க்-மார்போர்க் நகரின் இரவுக் காவல்படைத் தலைவன் சாம் வைம்ஸ், தொடக்கப் பக்கங்களில் குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடக்கிறான். அங்கிருந்து அவன் எழுந்து வருவதைத்தான் இந்தச் சரடின் எட்டு நாவல்களும் சொல்கின்றன. அடுத்து ‘மென் அட் ஆர்ம்ஸ்’ (1993), ‘ஃபீட் ஆஃப் கிளே’ (1996), ‘ஜிங்கோ’ (1997), ‘தி ஃபிஃப்த் எலிஃபண்ட்’ (1999). ஒன்றையும் தாண்டவேண்டாம். அவன் திருமணம், பதவி, படையில் புதிதாகச் சேரும் ஆட்கள் என எல்லாம் நாவலுக்கு நாவல் மாறிக்கொண்டே போகும்.

‘நைட் வாட்ச்’ (2002) உச்சம் என்பதில் உங்கள் நண்பரோடு எனக்கு முழு உடன்பாடு. அதனாலேயே அதை முதலில் தொடக்கூடாது. வைம்ஸ் 30 ஆண்டுகள் பின்னால் தூக்கி வீசப்படுகிறான். அங்கே இளைஞனான தன்னையே பயிற்றுவிக்க நேர்கிறது. இங்கே மனைவிக்குப் பிரசவ நேரம். அவன் எதையெல்லாம் இழக்கக்கூடும் என்பதை ஐந்து நாவல்கள் கூடவே வந்தவர்தான் அறிவார். நாம் பழகிய ஆட்சியாளர் வெடினாரி அதில் மாணவராக வருகிறார், காவல்படையின் நாபி தெருப்பையனாக வருகிறான். புதிதாக வருபவருக்கு இவை வெறும் பெயர்கள்.

இன்னொன்று. வைம்ஸைப் பின்னுக்கு வீசும் புயலும் ‘தீஃப் ஆஃப் டைம்’ (2001) நாவலில் கண்ணாடிக் கடிகாரத்தின்மேல் மின்னலாய் இறங்கும் புயலும் ஒன்றே. லூ-ட்ஸே என்ற துறவி இரண்டிலும் வருகிறார். ஆகவே ‘தி ஃபிஃப்த் எலிஃபண்ட்’ முடிந்ததும் சரடு மாறுங்கள். மரணமே மையப் பாத்திரமாக வரும் ஐந்து நாவல்கள்: ‘மோர்ட்’ (1987), ‘ரீப்பர் மேன்’ (1991), ‘சோல் மியூசிக்’ (1994), ‘ஹாக்ஃபாதர்’ (1996), கடைசியாக ‘தீஃப் ஆஃப் டைம்’. ‘மோர்ட்’ படிக்காமல் ‘சோல் மியூசிக்’ எடுத்தால் அதன் நாயகி சூசனின் பெற்றோர் யார் என்பது தொடக்கத்திலேயே உடைந்துவிடும். இவற்றை முடித்து ‘நைட் வாட்ச்’ நாவலுக்குத் திரும்புங்கள். பிறகு ‘தட்!’ (2005), ‘ஸ்னஃப்’ (2011).

மரணம் பேசுவதெல்லாம் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளில், மேற்கோள் குறி இல்லாமல் அச்சாகியிருக்கும். அந்தக் குரலை அப்படித்தான் கேட்கவேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத தமிழில் இதை எப்படிக் கொண்டுவருவது என்று மொழிபெயர்ப்பாளர்கள் யோசித்துப் பார்க்கலாம். அடிக்குறிப்புகளையும் விடாதீர்கள், நல்ல நகைச்சுவை பல அங்கேதான். மின்னூலில் அவை கடைசிக்குப் போய்விடுவதுண்டு என்பதால் அச்சுப்புத்தகமே நல்லது. பெரும்பாலான நாவல்களில் அத்தியாயப் பிரிப்பு கிடையாது. இடைவெளி விட்ட பத்திகளில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

மோசடிக்காரன் மொய்ஸ்ட் வான் லிப்விக்கின் கதைகளுக்கு ‘கோயிங் போஸ்டல்’ (2004) தொடக்கம். அதன் மூன்றாம் நாவலான ‘ரெய்சிங் ஸ்டீம்’ (2013) மட்டும் ‘ஸ்னஃப்’ நாவலுக்குப் பிறகு. கோப்ளின்கள் என்ற இனத்தின் நிலை எப்படி மாறியது என்பது ‘ஸ்னஃப்’ நாவலில்தான் இருக்கிறது. எந்தச் சரடிலும் சேராத ஒன்றைப் படித்துப் பார்க்க ‘ஸ்மால் காட்ஸ்’ (1992) போதும்.

சூனியக்காரிகளின் சரடை ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’ (1988) நாவலிலிருந்து பிடியுங்கள். அதற்கு முந்தைய ‘ஈக்வல் ரைட்ஸ்’ நாவலில் மூத்த சூனியக்காரி கிரானி வெதர்வாக்ஸ் இன்னும் முழுதாக உருவாகவில்லை. அந்தச் சரடு முடிந்ததும் இளம் சூனியக்காரி டிஃப்பனி ஏக்கிங்கின் ஐந்து நாவல்கள். அவற்றில் கடைசி ‘தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்’, 2015ல் பிராட்செட் மறைந்த சில மாதங்களில் வெளிவந்தது. சூனியக்காரிகள் அனைத்தையும் முடிக்கும்வரை அதன் பின்னட்டையைக்கூடப் படிக்காதீர்கள்.